லோகநாதன் காலுக்கு வைத்த எலும்பு

உங்கள் ஸ்டேஷன் டீயில் இஞ்சி தட்டிப் போடுகிறார்கள். நல்ல பழக்கம்.

நான் ராயபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எலும்பு வேகவைக்கிறவன், ஐயா. சிரிக்காதீர்கள். துறைமுகத்தில் சரக்கு விழுந்து கால் நொறுங்கி வருவார்கள். எலும்பே இல்லாமல் போன இடத்தில் டாக்டர் கன்றுக்குட்டி எலும்பை வைத்துக் கட்டுவார். அதைப் பற்றிக்கொண்டு சொந்த எலும்பு வளர்ந்துவிடும். புளியந்தோப்பு கசாப்புக்கூடத்தில் வாங்கி வந்து, கொழுப்புப் போகக் கொதிக்கவைத்து, மருந்தில் ஊறவைத்து, சாக்பீஸாக வெளுத்துக் கொடுப்பது என் வேலை.

கிரேன் ஓட்டும் லோகநாதன் வந்து படுத்தார். எலும்பு வைக்காவிட்டால் காலை எடுக்கவேண்டியதுதான் என்றார் டாக்டர். லோகநாதன் வீட்டில் தலைமுறையாக மாடு கட்டிப் பால் கறப்பவர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாட்டெலும்ப மட்டும் வச்சிடாத நைனா. அப்பால எந்த மூஞ்சிய வச்சிகினு கொட்டாய்க்குள்ள போவேன்?”

டாக்டர் இதையெல்லாம் காதில் வாங்கமாட்டார். நான் சத்தியம் செய்து கொடுத்தேன். ஞாயிறு பூசை தவறாதவன் நான், சொன்னால் சொன்னதுதான்.

மூலக்கொத்தளம் இடுகாட்டில் தேடிப் பார்த்தேன். அங்கே கிடைத்ததெல்லாம் தொட்டால் உதிர்ந்தது. எலும்பு என்றால் இளசாக, புதிதாக இருக்கவேண்டும். என் மனைவி அடைக்கலமேரியின் தம்பி யேசுதாஸ் எங்கள் வீட்டில்தான் இருந்தான். வேலைக்குப் போவதில்லை. கட்டிலில் காலை நீட்டி, பெருவிரலை ஆட்டிக்கொண்டு, “இன்னா மாமா, இன்னிக்கி எந்த கன்னுக்குட்டிக்கு சூப்பு வச்ச?” என்று தினமும் கேட்பான். நல்ல நீளமான கால். அவன் அதை அதிகம் உபயோகிக்கவில்லை.

வெந்து வெளுத்துவிட்டால் எது யாருடையது என்று டாக்டருக்கும் தெரியாது.

எண்ணூரில் புதிதாகக் கட்டும் கரண்ட் ஸ்டேஷனில் தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அடைக்கலமேரியிடம் சொன்னேன். மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

லோகநாதனுக்கு எலும்பு கூடியது. டாக்டரே மெச்சினார். ஆனால் சாயங்காலமானால் அந்தக் கால் அவர் வீட்டுக்குப் போகும் தண்டையார்பேட்டை பஸ் ஏற மறுத்தது. நேராக என் வீட்டுக்கு வந்தது. லோகநாதன் வெட்கப்பட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

“பேஜாரா கீது மாமு. நான் ஒரு பக்கம் போனா, இது ஒரு பக்கம் இஸ்துகினு போவுது.”

அந்தக் கட்டிலில் நீட்டினால்தான் வலி நிற்குமாம். நீட்டியதும் பெருவிரல் ஆடத் தொடங்கும். அடைக்கலமேரி அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நேற்று, மெல்ல, “யேசு” என்று கூப்பிட்டாள். விரல் ஆடுவது நின்றது. அவள் செருப்புக்கூடப் போடாமல் உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம், ஐயா. தூங்கும்போது, தலையணையால். மிச்சத்தை மூலக்கொத்தளத்தில் ஜெபம் சொல்லித்தான் புதைத்தேன். அவன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. சத்தியத்தைக் காப்பாற்ற வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

என்ன கேட்கிறீர்கள்? லோகநாதன் ஆட்டுக்கறி தின்பவர்தானே, ஓர் ஆட்டெலும்பை வேகவைத்துக் கொடுத்திருக்கலாமே என்றா?

அது எனக்குத் தோன்றவே இல்லை, ஐயா.