நகோயாக் கோட்டையும் ருக்மணியின் பஞ்சுக் குல்லாவும்

ஓடுகிறோம். அம்மா முன்னால். நான் நடுவில். தங்கை ருக்மணி என் வலக்கையைப் பிடித்திருக்கிறாள். தலைக்கு மேல் விமானங்கள். நாற்பத்தொன்று வரை எண்ணினேன். பிறகு புகை.

1945, மே 14. திங்கட்கிழமை. காலை எட்டு மணி தாண்டியிருந்தது. ஜப்பானில் நகோயா நகரம். எனக்குப் பத்து வயது. ருக்மணிக்கு ஏழு.

அப்பா திருப்பூரில் பஞ்சு தரம் பிரிப்பவர். ஜப்பானியக் கம்பெனி ஒன்று அழைத்துப் போனது. நாங்களும் போனோம். போர் வந்தது. திரும்பக் கப்பல் இல்லை.

வீடு கோட்டைக்கு வடக்கே. கோட்டைக் கோபுரம் ஐந்து அடுக்கு. உச்சியில் தங்கத் தகடு போர்த்திய புலித்தலை மீன்கள், இரண்டு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நாட்டை ஆண்ட ஷோகன் கோட்டை கட்ட உத்தரவிட்டார். இருபது சிற்றரசர்கள் கல் சுமந்து வந்தார்கள். என் கல், உன் கல் என்று சண்டை வராமலிருக்க, ஒவ்வொருவரும் தம் குறியைக் கல்லில் செதுக்கினார்கள். வட்டம். அம்பு. விசிறி. வாசலின் இடப்புறச் சுவரில் அவற்றை எண்ணுவது எங்கள் விளையாட்டு. நான் இருபத்திரண்டு என்றேன். ருக்மணி இருபத்து மூன்று என்றாள். மறுபடி எண்ணலாம் வா என்றாள். போகவில்லை. கணக்கில் நான் தவறுவதில்லை.

குண்டு விழும்போது போட்டுக்கொள்ள எல்லோரிடமும் பஞ்சுக் குல்லா இருந்தது. தோள்வரை மூடும். எங்களுடையதை அப்பாவே தைத்தார். நீள இழைப் பஞ்சு. மற்றவர்களைவிட இருமடங்கு அடைத்தார்.

"நனைச்சுப் போடாதீங்க கண்ணு. நனைஞ்சா பஞ்சு கட்டிக்கும். அப்புறம் அடி தாங்காது."

பக்கத்து வீட்டு அம்மாள் தண்ணீர்த் தொட்டியருகே நிற்கிறாள். நனையுங்கள், நனையுங்கள் என்று அவள் மொழியில் கத்துகிறாள். ஒரு வாளியை என் தலையில் கவிழ்த்தாள். அடுத்த வாளி ருக்மணிக்கு. அவள் பின்வாங்கினாள்.

"அப்பா நனைக்கக் கூடாதுன்னாங்க."

தண்ணீர் தரையில் கொட்டியது. நான் அவளைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம்.

"நிக்காதீங்க சாமி! ஓடுங்க!" அம்மாவின் குரல். ஓடினோம்.

தகரக் கூரையில் ஆலங்கட்டி விழும் சத்தம். தீக்குண்டுகள். ருக்மணியின் குல்லாவில் ஒரு பொறி. ஒன்று போதும். நல்ல பஞ்சு. காய்ந்த பஞ்சு. அவள் கழுத்து முடிச்சை அவிழ்க்கிறேன். இறுகுகிறது. என் ஈரக் குல்லாவைக் கழற்றி அவள் தலையில் அமுக்கினேன். போதவில்லை.

நிமிர்ந்தேன். கோபுரம் எரிந்துகொண்டிருந்தது.

ருக்மணி மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு இறந்தாள்.

கோபுரத்தின் கதை பிறகு தெரிந்தது. தங்க மீன்களைப் பத்திரமாக இறக்க மரச் சாரம் கட்டியிருந்தார்கள். தீக்குண்டு அந்தச் சாரத்தில் சிக்கியது. அதிலிருந்துதான் கோபுரம் பற்றியது. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து சொன்னாள். அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். மரம் காய்ந்திருந்ததா என்று.

ஊர் திரும்பினோம். அப்பா பிறகு பஞ்சைத் தொடவில்லை.

இப்போது வேலம்பாளையத்தில் இருக்கிறேன். நாற்புறமும் பனியன் கம்பெனிகள். சன்னலில் பஞ்சுத் தூசி படிகிறது. நாளுக்கு மூன்று முறை துடைக்கிறேன். ஈரத் துணியால்.

மகள் வயிற்றுப் பேத்தி சுகன்யா முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். போன மாதம் ஆர்டர் விஷயமாக நகோயா போனாள். கோட்டை வாசலிலிருந்து வீடியோ காலில் வந்தாள்.

"அப்புச்சி, கோபுரம் அப்படியே நிக்குதுங்க. மேல தங்க மீனுகூட இருக்குது."

"அது பின்னால கட்டுனது, கண்ணு. சிமெண்ட்டு. கல்லைக் காட்டு."

"இத்தன தூரம் வந்து கல்லத்தான் பாக்கோணுமுங்களா?"

"இடப்பக்கச் சுவரு. குறியை எண்ணு."

எண்ணினாள். இன்னொரு முறை எண்ணச் சொன்னேன். சலித்துக்கொண்டே எண்ணினாள்.

எழுதி வைக்கிறேன். எரிந்தது கோபுரம் ஒன்று. தங்க மீன் இரண்டு. எங்கள் தெருவில் வீடுகள் முப்பத்தாறு. இறந்தவர் பதினொருவர், ருக்மணியையும் சேர்த்து. திருப்பூரிலிருந்து போனவர் நால்வர். திரும்பியவர் மூவர். இன்றிருப்பவன் நான் ஒருவன்.

கல் எரியவில்லை. எண்பது ஆண்டுகளாக இருபத்திரண்டு என்றே சொல்லி வந்தேன். சுகன்யா எண்ணியது, இரண்டு முறையும், இருபத்து மூன்று.