கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா?

மணி ஏழு இருக்கும். ஓடைப்பட்டியிலிருந்து சின்னமனூர் வருகிற சாலை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை. இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல்... பந்தலுக்குக் கீழே இருட்டு எப்போதும் கொஞ்சம் முந்தியே வந்துவிடும்.

காரை ஓட்டியது என் சிநேகிதன் பிரின்ஸ். பக்கத்தில் அவன் அக்காள் புருஷன் ஸ்டான்லி. ஏதோ நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறார்கள். பிரின்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது. சுற்றி உட்கார்ந்து கேட்கிறவர்கள் யாரும் சிரிக்காதீர்கள். விஜய்பாண்டி, அந்தப் போனை அணை.

ஸ்டான்லிக்குத் தேனி பஜாரில் இரும்புக்கடை. ஆனால் கல்லூரியில் தத்துவம் படித்தவர். ஆணி நிறுத்துக் கொடுக்கும்போதே வந்தவனைப் பிடித்துக்கொள்வார். உயிர் என்றால் என்ன? எதற்காகப் பிறந்தோம்? காலம் என்பது வெளியே ஓடுகிறதா, மனசுக்குள்ளேதானா? மனசுக்குள்ளேதான் என்று அவரே முடித்தும் வைப்பார். பேசி ஜெயித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அவரை மடக்கக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். சுருளிராஜன். அவரோடு கூடப் படித்தவர், ஓடைப்பட்டியில் திராட்சை போட்டிருந்தார். ஞாயிறு தவறாமல் அவருடைய தோட்டத்து மோட்டார் ரூமில் கட்டிலைப் போட்டு இருவரும் உட்காருவார்கள். வேடிக்கை பார்க்க நாலைந்து பேர் வருவார்கள்.

செத்தபிறகு உணர்வு இருக்கிறதா, இல்லையா? மூளை நின்றால் எல்லாம் முடிந்தது என்பது ஸ்டான்லியின் கட்சி.

"கரண்ட் போச்சு, மோட்டாரு நின்னுருச்சு. பைப்புல வந்த தண்ணி எங்க போச்சுன்னு எவனாச்சும் தேடுவானா? உயிரும் அம்புட்டுதான்."

சுருளிராஜன் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"தண்ணி கெணத்துலதான இருக்கு, ஸ்டான்லி?"

கூட்டம் கொல்லென்று சிரித்துவிட்டது.

ஸ்டான்லி அதை மறக்கவில்லை. ராத்திரி படுக்கையில்கூட அதையே முணுமுணுப்பார் என்று பிரின்ஸின் அக்காள் ஜெபஷீலா சொல்லியிருக்கிறாள்.

கொஞ்ச நாளில் சுருளிராஜன் செத்துப்போனார். அதே மோட்டார் ரூமில்தான்... நெஞ்சுவலி. அன்றைக்கு அங்கே போயிருந்தது ஸ்டான்லி மட்டும். 'நான் போறதுக்குள்ள உயிர் போயிருச்சு' என்று எல்லாரிடமும் சொன்னார். துக்கம் கேட்கப் போனபோது சுருளிராஜனின் மனைவி கஸ்தூரியம்மாள் அழவில்லை. இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுக வாதத்தப் பாதியில விட்டுட்டு எந்திரிக்கிற ஆளு இல்லண்ணே. ஒங்களுக்குத் தெரியாததா?"

இப்போது அந்தச் சாலை. சுருளிராஜனின் தோட்டம் பக்கத்தில் வருகிறது. ஸ்டான்லி கொஞ்சம் குடித்திருந்தார்.

"மாப்ள... சுருளி சாகும்போது நான் பக்கத்துலதான் இருந்தேன்."

பிரின்ஸ் வண்டியை மெதுவாக்கினான்.

"கார் வெளியதான் நின்னுச்சு. தூக்கிப் போட்டுப் போயிருந்தா பொழச்சிருப்பான். வேர்த்துக் கொட்டுது. என் கையப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குறான். நான் காதுல குனிஞ்சு கேட்டேன்... இப்பச் சொல்றா, கெணத்துல தண்ணி இருக்கா? என்ன தெரியுது? ஒத்துக்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்னேன். வாய அசச்சான். சத்தம் வரல. அம்புட்டுதான்... அணஞ்சுட்டான். நாந்தான் ஜெயிச்சேன்."

"மச்சான்... நீங்க மனுசனா?"

ஸ்டான்லி கண்ணாடியை இறக்கினார்.

"மோட்டாரு ஓடுதுல்ல?"

ஓடியது. பிரின்ஸுக்கும் கேட்டது. உர்ரென்ற இரைச்சல்... தொட்டியில் தண்ணீர் தொபதொபவென்று விழுகிற சத்தம். ஆனால் அந்தத் தோட்டம் சும்மா கிடந்தது. கஸ்தூரியம்மாள் எப்போதோ அல்லிநகரத்தில் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். கரண்ட் இணைப்பையும் துண்டித்தாயிற்று.

"நிப்பாட்டு."

இறங்கினார். யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி விறுவிறுவென்று பந்தலுக்குள் நுழைந்தார். பிரின்ஸ் கத்திப் பார்த்தான். திரும்பவில்லை. போன் லைட்டைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனான். அழுகிய திராட்சையின் புளிப்பு மூக்கில் ஏறியது. கொடியிலிருந்து சொட்டு சொட்டாகக் கழுத்தில் விழுந்தது. மோட்டார் ரூம் வாசலில் காலை வைத்தான்...

சத்தம் நின்றுவிட்டது.

உள்ளே ஸ்டான்லியின் குரல் மட்டும்.

"ஆமா... நெஞ்சு அடைக்குது."

கொஞ்ச நேரம் மௌனம். ஒருவர் நிதானமாக ஒரு கேள்வி கேட்டு முடிக்கிற நேரம்.

"இருட்டாத்தான் தெரியுது..."

மறுபடியும் மௌனம்.

"இருக்கு... தண்ணி இருக்கு. நீதான் ஜெயிச்ச. ஒத்துக்கிறேன் சுருளி... கார் வெளியதான் நிக்குது, என்னயத் தூக்கிட்டுப் போகச் சொல்லு..."

பிரின்ஸ் வெளிச்சத்தை அடித்தான். வெறுங்கட்டிலில் ஸ்டான்லி மல்லாந்து கிடந்தார். சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. வலது கை அந்தரத்தில் நீண்டிருந்தது. விரல் நாலும் ஒன்றோடொன்று நசுங்கி வெளுத்திருந்தன... யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி. கட்டிலைச் சுற்றி யாரும் இல்லை. பைப் துருப்பிடித்துக் காய்ந்து கிடந்தது. அதன் வாயில் ஒட்டடை.

தோளைப் பிடித்து இழுத்தான். அசைக்க முடியவில்லை. மச்சானின் இரும்புக்கடையில் வேலை பார்த்தவன் பிரின்ஸ், கனம் தூக்கத் தெரிந்தவன். முடியவில்லை. கடைசியில் யாரைப் பார்த்துப் பேசுகிறோம் என்று தெரியாமலே கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணே... எங்க அக்கா மொகத்துக்காகவாச்சும் விட்டுருங்கண்ணே!"

கை தொப்பென்று விழுந்தது.

ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் பார்த்தார்கள். இருதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாடி அறையில் படுத்தவர் படுத்தவர்தான். பனி கொட்டுகிற மார்கழியிலும் வேர்த்துக்கொண்டே இருக்கிறது. கேட்பவர் இல்லாத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒரு நாள் காலையில் பிரின்ஸ் ஜன்னலைத் திறந்துவிட்டு, "மச்சான், விடிஞ்சிருச்சு" என்றான்.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அழுதார்.

"இன்னும் ஒரு நிமிசங்கூட ஆகலடா மாப்ள... அவன் விட மாட்டேங்குறான். காலம் மனசுக்குள்ளதான்னு நீதான சொன்னன்னு கேக்குறான்."

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரின்ஸ் பார்க்கப் போயிருக்கிறான். மாடிப்படி ஏறும்போதே குரல் கேட்டது. ஆனால் வழக்கமான குரல் இல்லை. கெஞ்சல் இல்லை.

"ஜெபஷீலாவா?"

மௌனம்.

"சமையக்கட்டுலதான் இருக்கா."

நீண்ட மௌனம். பிரின்ஸ் படியிலேயே நின்றுவிட்டான்.

"அப்ப என்னய விட்டுருவயா?"

உள்ளே ஸ்டான்லி சிரிக்கிற சத்தம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

"கேளு. தாராளமாக் கேளு."

பிரின்ஸ் படிகளைத் தாண்டித் தாண்டிக் கீழே ஓடினான். சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. சுர்... சுர்ரென்று தீய்கிற வாசனை. அக்காள் அணைக்கவில்லை. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றிருந்தாள், காதருகே யாரோ குனிந்து பேசுகிற மாதிரி. நெற்றியெல்லாம் வேர்வை.

"அக்கா!"

உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

"சும்மா இருடா... சுருளியண்ணன் என்னமோ கேக்குறாக."