ஒன்பதே கால் லட்சம் பேருடைய தம்பி

அக்கா: ...வரமாட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. நான் போய்ட்டே இருக்கேன்.

தம்பி: கூப்பிட வந்தியா, துரத்த வந்தியா?

அக்கா: கூப்பிடத்தான்டா. சேனல்ல அனுப்பினாங்க. கடமைக்குக் கேட்டாச்சு. இப்ப வேணாம்னு சொல்லு.

தம்பி: இரு, இந்தக் குக்கரைத் தேச்சு முடிச்சிடுறேன். பதினோரு வருஷமா ஒரு வீட்டுக்குள்ள ஆளுங்களைப் பூட்டி வச்சு சண்டை போட விடுறீங்க. இத்தனை நாள் நான் உங்க கண்ணுல படலையா?

அக்கா: இத்தனை நாள் ஜனங்க எங்க ஷோவைப் பாத்தாங்க. இப்ப நீ பாத்திரம் தேச்சுக்கிட்டே அதைக் கிண்டல் பண்றியே, அந்த வீடியோவைத்தான் பாக்குறாங்க. ஒன்பது லட்சம் பேரு!

தம்பி: ஒன்பதே கால்.

அக்கா: பீத்திக்காத. அவங்களுக்கு நீ வேணாம்டா. உன் பின்னாடியே வர்ற கூட்டம்தான் வேணும்.

தம்பி: அறுபது நாள் உக்கார வச்சு சோறு போடுவாங்கல்ல...

அக்கா: விளையாடாத! நாள் பூரா நீ சிரிச்சுக்கிட்டே இருப்ப. ஒரே ஒரு தடவை கொட்டாவி விடுவ. அதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு அழுறதை ஒட்டினா... முடிஞ்சது. மறுநாள் ஊரே உன்னைக் காறித் துப்பும்.

தம்பி: யாரு அப்படி ஒட்டுவா?

அக்கா: நான்தான்டா. அங்க எடிட்டர் வேற யாரு? போன தடவை ஒரு நர்ஸ் பையன் வந்தான்... தங்கமான பையன். வில்லன் வேணும்னாங்க. ஆக்கிக் குடுத்தேன். இன்னும் வெளிய தலைகாட்டாம வீட்டுலயே கிடக்கானாம்.

தம்பி: ஏய்... அழாத. மூக்கைத் துடை. ஐயோ அந்தத் துணி வேணாம், அது அடுப்பு துடைக்கிறது!

அக்கா: சீ! முன்னாடியே சொல்றதுக்கென்ன?

தம்பி: சரி, நான் வரலேன்னா உனக்கு என்ன ஆகும்?

அக்கா: ஒண்ணும் ஆகாது. வேற ஆளைப் பிடிப்பாங்க.

தம்பி: பொய் சொன்னா உனக்குக் காது செவந்துடும்.

அக்கா: வெயில்ல நடந்து வந்தேன்ல...

தம்பி: காலையில உங்க புரொட்யூசர் பேசினாரு. தம்பி வரமாட்டான்னு நேத்தே சொல்லிட்டியாமே? உன்னையும் இனிமே வர வேணாம்னுட்டாங்களாமே? யாரு உன்னை இங்க அனுப்பினது?

அக்கா: யாரும் அனுப்பலைடா... அவங்க உனக்கு வலை விரிக்கிறதுக்கு முன்னாடி, உன் வாயால வேணாம்னு கேட்டுடலாம்னு ஓடி வந்தேன். எனக்கு வேலை போனா இன்னொண்ணு தேடிக்கலாம். உன் பேரு கெட்டா நான் எங்கடா போய்த் தேடுவேன்? ...அவருகிட்ட என்ன சொன்ன? சொல்லித் தொலைடா!

தம்பி: போய்க் கையெழுத்து போட்டுட்டு வந்துட்டேன்கா. ஒரே நிபந்தனைதான். நான் வர்ற காட்சி எதையும் எங்க அக்காவைத் தவிர யாரும் தொடக்கூடாது, அவ வெட்டினதுதான் முடிவுன்னு எழுதி வாங்கியிருக்கேன். நாளைக்கு ஒன்பது மணிக்கு உனக்கு டூட்டி... லேட்டாப் போகாத.