தாய்மரத்தின் பத்தொன்பது கன்றுகள்

நீங்கள் தந்த கட்டன்சாயாவில் சர்க்கரை கூடுதல், சார். பரவாயில்லை, குடித்துவிட்டேன்.

என் பெயர் மாரித்தாய். மூணாறுப் பக்கம் எஸ்டேட்டில் பதினோரு வருசம் கொழுந்து கிள்ளினேன். ஒன்பது வருசமாகக் காட்டில் தினக்கூலி வாட்சர். என்னை அழவைத்துவிடலாம் என்று ஒரு லேடி போலீசைப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவரை வீட்டுக்கு அனுப்புங்கள், பாவம்.

நரம்பாலி மரத்தைப் பற்றிச் சொன்னால்தான் மிக்கேல் கதை விளங்கும். உலகத்தில் பூவே இல்லாத காலத்திலிருந்து வருகிற மரம் அது, இன்றைக்கும் பூக்காது. ஆண் வேறு, பெண் வேறு. நாங்கள் ரோந்து போகிற பீட்டில் ஒரு பெண், ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண், அவ்வளவுதான் மிச்சம். போன வருசம் பெண்மரத்தில் காய் பிடித்த கையோடு ஆண்மரம் புயலில் சாய்ந்துவிட்டது. விழுந்த விதையில் மரத்தடிச் சரிவில் பத்தொன்பது முளைத்தன, சாண் உயரக் கன்றுகள். இனி அந்த மரத்துக்குப் பிள்ளை கிடையாது. பக்கத்துச் சோலையில் மிளா மான் ஒன்று திரிந்ததால் வேலிக் கம்பி கேட்டிருந்தேன். சனிக்கிழமை வரும் என்றார்கள்.

மிக்கேல் என்னோடு ரோந்து வருகிறவர். நல்ல மனுசன். சோற்றில் மீன் இருந்தால் பாதியை எனக்குத் தருவார். செவ்வாய்க்கிழமை அந்தச் சரிவுக்குக் கீழே பாறை வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தது. நான் தள்ளவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆள் கூட்டிவருகிறேன் என்று சொல்லித்தான் ஏறினேன். பாதியில்தான் யோசித்தேன். அவரைத் தூக்கிவரக் கன்றுகள் நிற்கிற சரிவை விட்டால் வேறு வழி இல்லை. நாற்பது பேர் பூட்ஸ் காலோடு இறங்குவார்கள்.

அவர் மனைவி பிரதீபா வாட்சர்கள் தங்கும் காவல்புரை வாசலில் நின்றாள். "அக்கா, அவுக எந்தப் பக்கம் போனாக?"

"புல்மேட்டுப் பக்கம் தாயி. காலையிலயே பிரிஞ்சு போயிட்டாக."

தேட வந்த நாற்பது பேரும் புல்மேட்டுக்குப் போனார்கள்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, மூன்று பிள்ளைகளும் கரையேறியாச்சு. மரத்துக்கு இருந்ததோ அந்தப் பத்தொன்பதுதான். யாரை விடுவது, நீங்களே சொல்லுங்கள். எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. நாளைக்கே மறுபடி நடந்தாலும் இதையேதான் செய்வேன்.

இரண்டு நாள், ராவும் பகலும் கூப்பிட்டார். என் பெயரைச் சொல்லித்தான். பகலில் கன்றுகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வியாழன் மதியம் சத்தம் நின்றது. சங்கடமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தேன்.

வெள்ளி காலையில் போனால், சரிவு முழுக்க மிளாவின் குளம்புத் தடம். பத்தொன்பதையும் அடியோடு கடித்திருந்தது. அதற்கப்புறம்தான் உங்களிடம் வந்து இடத்தைக் காட்டினேன். இனி அங்கே யார் மிதித்தால் என்ன.

ஆள் சத்தம் கேட்டவரை மிளா கிட்டவே வரவில்லை, சார். கம்பி சனிக்கிழமை வந்துவிட்டது. மிக்கேல் இன்னும் ஒரே ஒரு நாள் கூப்பிட்டிருக்கலாம்.