தேத்தண்ணிக்குப் பயந்து போகாதவர்களின் மடல்

கொழுந்தின் குணமறிந்த கோமானே, வாட்டமும் வாசமும் வகுத்தறிந்த வல்லவரே என்று ஐயாவை நேரே விளித்துத் தொடங்குவதுதான் முறை. ஆனால், டயகமத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தைத் தூளாக்கும் பொறுப்பாளரான டீமேக்கராய் விளங்கிய சிவசாமி ஐயா முன்வரிசையில் அமர்ந்திருக்க, அவர் முகம் பார்த்து வாசிக்க எங்களுக்குத் துணிவில்லை. ஆகவே, அவையோரே, உங்களைப் பார்த்தே சொல்கிறோம்!

இருபத்தெட்டு ஆண்டுகள்! அரைத்த கொழுந்தை ஒரு பிடி அள்ளி முகர்ந்து, அடுப்புக்குப் போகும் பதம் இதுவென்று அவர் சொன்னால் கடிகாரமும் கைகட்டி நிற்கும். பதம் தவறவிட்டவரை வாய்நிறைய ஏசுவார். ஏசிய வாயாலேயே சாப்பிட்டாயா என்றும் கேட்பார்.

சிறுநீரகங்கள் செயலிழந்து, வாரம் இருமுறை நுவரெலியாவுக்கு டயலிசிஸ் செய்யப் போகவேண்டியதாகி, ஓய்வு வயதுக்கு ஆறாண்டு முன்னரே அவர் வேலையை விட்டார். உடல் தேறட்டும் என்று இந்தப் பிரியாவிடை விழாவையும் தள்ளிப் போட்டோம். நாளொன்றுக்கு அரை லீற்றருக்கு மேல் எந்த நீரும் ஆகாதென்பது வைத்தியர் கட்டளை. தொடக்கத்தில் மாறி மாறிப் பார்க்கப் போனோம். போனவர்க்கெல்லாம் அவர் மனைவி ஜீவராணி அக்கா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். தாகத்தில் உதடு வெடித்திருப்பவர் முன்னே எப்படிக் குடிப்பது? குடிக்காமல் எழுந்தால் அக்காவுக்கு மனத்தாங்கல். அந்தச் சங்கடத்துக்குப் பயந்து ஒருவர் பின் ஒருவராய்ப் போவதை நிறுத்திக்கொண்டோம். நல்லது செய்வதாகவே நினைத்தோம், பாவிகள்!

நான்கு மாதங்கள், மாலைச் சங்கு ஊதியதும் ஐயா சட்டை மாற்றி வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறார். நாங்களோ அவர் கண்ணில் படாமல் கீழ்ப்பாதையால் போனோம். யாரை என்ன ஏசினேன், எவர் மனம் நோகச் செய்தேன் என்று ஒவ்வொரு பெயராக நினைத்து நினைத்து மாய்ந்திருக்கிறார் மனிதர். நோய் பாதி தின்றது, தனிமை மீதியைத் தின்றது.

சென்ற வாரம் அழைப்பிதழோடு போன எங்கள் கிளார்க் ஜெயந்தினியிடம்தான் இதைச் சொன்னார். அக்கா கொடுத்த கோப்பையைத் தொடாமலே ஜெயந்தினி எங்கள் காரணத்தை எடுத்துரைக்க, ஐயா அந்தக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்:

"குடிக்கக் கூடாதுன்னு எனக்குத்தானேம்மா சொன்னாங்க. நீங்க வந்து குடிச்சிருந்தா, அதப் பாத்துக்கிட்டாவது இருந்திருப்பேன்."

இப்போது திரும்பி உங்கள் முகம் பார்க்கிறோம், ஐயா! பொறுத்தருளுங்கள். நோயின் கடுமை குறைந்து, நூறாண்டு நிறைவாய் வாழுங்கள். நாளை மாலை, மேல்பாதையால், நாங்கள் பதினான்கு பேரும் வருகிறோம். அக்காவிடம் கோப்பை போதாவிட்டால் நாங்களே கொண்டுவருகிறோம்.

வெட்கத்தோடும் வாஞ்சையோடும்,
தொழிற்சாலைப் பணியாளர்கள்,
டயகம.