பட்டறைப் பக்கம் திருப்பிய ஆன்டெனா

ஹலோ... ஆமா, மச்சான்தான் பேசுறேன். சொல்லுங்க மாப்பிள்ளே, உங்க ரேடியோ அறை இன்னும் இருக்கா, இல்ல மூடிட்டீங்களா?...

ம்... ம்... என்னது, உங்க இரைச்சல் புகாரை வச்சு வெல்டிங் பட்டறைக்குக் கரண்டைக் கட் பண்ணியாச்சா? எப்போ?... காலையிலயே. சரி. கடல்ல இருந்து படகுக்காரங்க ரேடியோவுல கூப்பிடுறது இப்போ தெளிவா கேக்குதா?...

கேக்கலையா.

சிரிக்கலை, இருமினேன்... இரைச்சல் துளிகூடக் குறையலையா? அப்போ அடுத்து யாரு?... அச்சகமா! பலே. அதையும் இழுத்து மூடுங்க. ஊரே இருட்டானா இரைச்சல் பயந்து ஓடிரும்.

கோபப்படாதீங்க. ஒண்ணு கேக்குறேன். ஆன்டெனாவைப் பட்டறைப் பக்கம் திருப்பினீங்க, இரைச்சல் மீட்டர் முள் ஏழுல நின்னுச்சு, புகார்ல கையெழுத்துப் போட்டீங்க. மத்த பக்கம் திருப்பினப்போ எவ்வளவு?...

திருப்பவே இல்லையா?

ஆமா ஆமா... பட்டறையில பொறி பறக்குது, பார்த்தாலே தெரியுது. இரைச்சலைக் கண்ணால கேட்ட முதல் ஆள் நீங்கதான். இப்போ திருப்புங்க. லைன்லதான் இருக்கேன்...

கடல் பக்கம்?... ஏழு. மலைப் பக்கம்?... ஏழு. அச்சகம்?... அதுவும் ஏழு.

மாப்பிள்ளே, அந்த ஆன்டெனாவை மாட்டினவன் நான். அது பார்க்குற பக்கத்துல இருந்து நிறைய வாங்கும், மத்த பக்கத்துல இருந்து கொஞ்சமா வாங்கும். ஒரு இடத்துல இருந்து இரைச்சல் வந்தா, திருப்பத் திருப்ப முள் ஏறி இறங்கணும். எங்க திருப்பினாலும் ஏழுன்னா, ஒண்ணு வானம் முழுக்க ஒரே அளவா இரைச்சல், இல்ல உங்க ரேடியோ பெட்டிக்குள்ளயே இரைச்சல்... எப்படிக் கண்டுபிடிக்கிறதா? ஆன்டெனா வயரைப் பிடுங்குங்க, வெளிய இருந்து வர்ற இரைச்சல்னா முள் விழுந்துரும்... பிடுங்குங்க, கடிக்காது...

முள்ளு?...

ஏழு. வயரே இல்லாம வெல்டிங் பட்டறை பெட்டிக்குள்ள பூந்துருச்சு போல.

இல்ல இல்ல, என் தங்கச்சிகிட்ட சொல்ல மாட்டேன்... அது கிடக்கட்டும். பட்டறையில எத்தனை பேரு?... பதினொரு பேரும் வெளியவா நிக்கிறாங்க?... நாளைக்கு எழுதித் தர்ற கதையெல்லாம் வேணாம். பக்கத்துல இருக்குற இன்னொரு போனை எடுத்து மின் அலுவலகத்துக்குப் போடுங்க, பட்டறைக்குக் கரண்டைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க. இதை வைக்காதீங்க, நான் கேக்கணும்...

ம்... 'மறுபரிசீலனை' எதுக்கு? தப்புன்னு சொல்லுங்க... யார் தப்பு?... பெட்டியோட தப்பா? பெட்டி கையெழுத்துப் போடாது மாப்பிள்ளே... இன்னும் சத்தமா...

ம். கேட்டுச்சு. வைக்கிறேன்.