யார் வீட்டுப் பழசோ

– ஏட்டி ஃபியோனா, இந்தக் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள எங்கட்டி வச்சிருக்க?

– தாழ்ப்பாள் கிடையாதுப்பா. சும்மா சாத்திக்கோங்க. யாரும் வர மாட்டோம்.

– சாத்தவா? ரெண்டு கையையும் குடுத்துத் தள்ளுதேன், அசைய மாட்டேங்கு. இது கதவா, கோட்டை வாசலா? இத்தன குமிழாணி எதுக்கு? எந்த ராசாட்டி படையெடுத்து வாரான் உன் கக்கூசுக்கு?

– அப்பா! சனிவார் பேட்ல ஒரு பழைய வாடா மாளிகைய இடிச்சாங்க. அதோட வாசக்கதவு. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. புதுக் கதவு எல்லார் வீட்லயும் இருக்கு. இதுக்கு ஒரு கேரக்டர் இருக்கு.

– எக்தம் ஒரிஜினல் தேக்கு மாமா. லிஃப்ட்ல போகல. பதினோராவது மாடிக்குப் படியிலயே தூக்கினாங்க. தூக்கினதுல ஒருத்தன் ஏழாவது மாடில உக்காந்து அழுதுட்டான்.

– அழ மாட்டானா மாப்ள? நானே இப்பம் அழுத நெலமையிலதான் நிக்கேன். தாழ்ப்பா இல்லாத கேரக்டர வச்சு நான் என்ன செய்ய? உள்ள ஆள் இருக்குன்னு தெரிய கீர்த்தனை பாடிக்கிட்டே இருக்கட்டா?

– ஃபியோனா பாடுவா மாமா. நான் போன்ல நியூஸ் சத்தமா வைப்பேன். பழகிடுச்சு.

– போதும் டெக்ஸ்டர். அப்பா, சீக்கிரம் போய்ட்டு வாங்க. டீ ஊத்திட்டேன்.

– வந்துட்டேன், வந்துட்டேன். கதவத் திறக்கதுக்குள்ள சீவன் போயிட்டு. எங்கட்டி உக்கார? நாற்காலின்னு ஒண்ணையும் காணல.

– அதோ, சோஃபா.

– இதா? ஏட்டி, இது ஆஸ்பத்திரிக் கட்டில்லா! தலமாட்டத் தூக்குத கைப்பிடி கூட அப்படியே இருக்கு.

– ஒரு பழைய நர்சிங் ஹோம மூடினாங்க மாமா, அங்க எடுத்தது. கைப்பிடி இன்னும் மஸ்தா வேலை செய்யுது. டிவி பாக்கும்போது முதுகத் தூக்கிக்கலாம்.

– குளுக்கோஸ் மாட்டுத கம்பியத் தரலியா?

– தந்தாங்களே. அந்தா, ஜன்னல் கிட்ட. அதுலதான் மணி பிளான்ட் தொங்குது.

– ஆண்டவரே.

– உக்காருங்க மாமா. இல்லன்னா, பால்கனில பஸ் சீட் போட்டிருக்கோம். அங்க காத்து வரும்.

– வேண்டாம் மாப்ள. பாதி வழியில எறக்கி விட்ருவிய. நான் நிக்கேன். நின்னே பழக்கம்.

– நின்னுட்டே மேல பாருங்க மாமா. அந்த லைட். போசரில ஏதோ கம்பெனில கழட்டினது.

– ஏதோ கம்பெனியா? போசரில முப்பது வருஷம் இந்த விளக்குக்குக் கீழதான் நின்னேன். நின்னு நின்னு காலு வீங்கி ரிட்டயர் ஆனேன். இப்பம் அதுக்குக் கீழயே சோறும் போடப் போறியளாக்கும். சங்கு ஊதினாத்தான் எந்திரிக்கணுமோ?

– நல்லா கிண்டல் பண்ணுங்க. அந்த லைட் எங்க வாங்கினீங்கன்னு என் பேஜ்ல எத்தன பேர் கேட்டாங்க தெரியுமா? வீட்டுக்குன்னு ஒரு பேஜ் நடத்தறேன்பா. 'பழசுக்கும் ஒரு வாழ்வு'. அதான் பேரு.

– பேரு நல்லாத்தான் இருக்கு. நீயா வச்ச?

– நானேதான். எல்லாரும் எதையும் சுலபமா தூக்கிப் போட்டுடறாங்கப்பா. இன்னொரு வீட்ல வாழ்ந்த பொருளுக்கு ஒரு கதை இருக்கும். அத மதிச்சு உள்ள கூட்டிட்டு வரணும்.

– மதிச்சு உள்ள கூட்டிட்டு வரணும். மாப்ள, கேட்டுக்கிட்டியளா?

– டெய்லி கேக்கறேன் மாமா.

– அப்பம் உங்கம்மா பீரோவ ஏன்ட்டி வேண்டாம்னே?

– எந்த பீரோ?

– எந்த பீரோவா? பச்சக் கலர் ஸ்டீல் பீரோ. சாவுத வரைக்கும் சாவிய இடுப்பவிட்டு எடுக்கல அவ. எடுத்துக்கட்டின்னேன். 'ஐயோ அப்பா, அது பழசு'ன்னே. இந்தா, யாரு வீட்டு அலமாரியோ கண்ணாடி உடஞ்சு நடுவீட்டுல நிக்கி. இது பழசு இல்லியா?

– இது ஆன்ட்டிக்பா. அது... அது வெறும் பழசு.

– ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? தெரியாமத்தான் கேக்கேன்.

– ஆன்ட்டிக்னா யாரோடதுன்னு நமக்குத் தெரியாது மாமா.

– டெக்ஸ்டர், நீ போய் டீக்குக் கடிச்சுக்க பாக்கர்வடி எடுத்துட்டு வா.

– கொண்டுவந்துட்டேனே. டிரங்குப் பெட்டி மேல வைக்கட்டா, தையல் மிஷின் மேல வைக்கட்டா?

– கையில தாங்க மாப்ள. எங்க வச்சாலும் துரு ஒட்டும்.

– சரிப்பா, நீங்க சும்மா வர மாட்டீங்க. தாபோடிலேர்ந்து ரெண்டு பஸ் மாறி, அதுவும் இஸ்திரி போட்ட சட்டையோட. என்ன விஷயம்?

– விஷயந்தான். நம்ம பாக்கியவதி டீச்சரத் தெரியும்லா?

– சர்ச்ல பாட்டு பாடுவாங்களே, ஹஸ்பெண்ட் இறந்துட்டாங்க, அவங்கதான? தெரியும். ஏன், உடம்பு சரியில்லயா?

– நல்லா இருக்கா. நான் அவளக் கெட்டிக்கிடப் போறேன்.

– என்னது?

– கல்யாணம். எனக்கும் அவளுக்கும். நம்ம சபைக் கோயில்ல வச்சு.

– அரே வா மாமா! எக்தம்...

– டெக்ஸ்டர், இன்னொரு வார்த்தை பேசின, நடக்கறதே வேற. அப்பா, உங்களுக்கு என்ன வயசுன்னு ஞாபகம் இருக்கா?

– உன் கதவவிடச் சின்னவந்தான்.

– ஜோக் அடிக்காதீங்க! அம்மா போயி மூணு வருஷம்கூட ஆகல.

– நாலு முடிஞ்சிட்டு. நினைவு நாள் ஜெபத்துக்கு வந்தாத்தான கணக்குத் தெரியும்?

– சர்ச்ல எல்லாரும் பேச மாட்டாங்களா?

– பேசினா உனக்கென்ன? நீதான் சபை வாட்ஸ்அப் குரூப்ப விட்டே வெளிய போயிட்டியே. உன் காதுல விழாது.

– டெக்ஸ்டர் வீட்ல என்ன நினைப்பாங்க?

– மம்மி ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. கேக் உண்டான்னு கேப்பாங்க.

– நீ சும்மா இரு! எப்படிப்பா இது? எப்ப ஆரம்பிச்சுது?

– போன அறுப்பின் பண்டிகைக்கு. கோயில்ல ஏலம் விட்டாங்கல்லா, அவ செஞ்ச முந்திரிக்கொத்து டப்பாவுக்கு நானும் துரைசாமியும் போட்டி. விடுவனா? நான்தான் எடுத்தேன். எடுத்துட்டு வெளிய வாரேன், பின்னாடியே ஓடி வந்து, 'உங்களுக்கு சுகர் இருக்குல்லா, தாங்க இப்படி'ன்னு டப்பாவப் புடுங்கிட்டுப் போயிட்டா.

– அதுக்காக கல்யாணமா?

– எனக்கு சுகர் இருக்குன்னு ஞாபகம் வச்சிருக்க பூனாவுல வேற ஆள் இல்லட்டி. நீ இப்ப ஊத்தின டீயக் குடிச்சுப் பாரு.

– ஐயோ... சாரிப்பா. அவசரத்துல போட்டுட்டேன். வேற போடறேன்.

– வேண்டாம். சொல்ல வந்தத நான் சொல்லிக்கிடுதேன்.

– என்ன சொல்லப் போறீங்க? அவங்களுக்கு வேற வீடு இருந்துது, வேற புருஷன், வேற குடும்பம். அங்க எல்லாம் முடிஞ்சப்புறம், எங்கம்மா இருந்த வீட்டுக்குள்ள வருவாங்களா? எங்கம்மா சமையக்கட்டுல நிப்பாங்களா?

– இன்னொரு வீட்ல வாழ்ந்தவளுக்கு ஒரு கதை இருக்கும்ட்டி. அத மதிச்சு உள்ள கூட்டிட்டு வரணும்.

– அது நான் கதவுக்குச் சொன்னது! கதவும் மனுஷங்களும் ஒண்ணா?

– எப்படி ஒண்ணாகும்? கதவத்தான் நீ நடு வீட்டுக்குள்ள விடுவியே.

– மாமா, சிக்ஸர்!

– டெக்ஸ்டர்!

– சாரி.

– உங்களுக்கு என்னப்பா குறைச்சல்? சமைக்க ஆள் வச்சுக்கலாம். நான் மாசா மாசம் வரேன்ல?

– வார. வந்து என் ஜன்னல் கம்பியப் போட்டோ புடிச்சிட்டுப் போற.

– அது ஒருதடவதான். அந்த டிசைன் இப்ப கிடைக்காது.

– ஏட்டி, ஒளிச்சு மறைக்க ஒண்ணுமில்ல, எனக்குத் தனியாத் தின்னப் புடிக்கல. ஒரு தட்டக் கழுவிக் கவுத்துட்டு, வீட்டுல வேற சத்தமே இல்லாமக் கெடக்கது இருக்கு பாரு, அது ஆகல எனக்கு. உங்கம்மா இருக்கையில அவ பேசுதத பாதி நேரம் நான் கேட்டதே கெடையாது. ஆனா சத்தம் இருந்திச்சு.

– அப்ப அம்மா இடத்துல சத்தத்துக்கு ஒரு ஆளு. அவ்வளவுதான். அம்மாவ மறந்துட்டீங்க.

– நானா மறந்தேன்?

– வேற என்ன?

– உங்கம்மா கடைசியாக் கெடந்தது இதே மாதிரிக் கட்டில்ல. அவ மூச்சு விட முடியாமத் தவிக்கும்போதெல்லாம் இந்தக் கைப்பிடியத்தான் சுத்திச் சுத்திக் குடுத்தேன். உள்ளங்கை காய்ச்சுப் போச்சு. வந்த நேரத்துலேர்ந்து நான் இதுல உக்கார முடியாம நிக்கேன். நீ மெத்த போட்டு, முதுகத் தூக்கி வச்சு டிவி பாக்க. யாருட்டி மறந்தா?

– ஃபியோனா... அரே, அழாத. இந்தா, டிஷ்யூ.

– எனக்கு ஒண்ணும் வேண்டாம். தள்ளு. அப்பா, கட்டில நாளைக்கே தூக்கிப் போடறேன். ஆனா இதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். ஓலை வாசிக்கும்போது வருவேன். சபை முன்னாடி எந்திரிச்சு நின்னு, எனக்கு ஆட்சேபனை இருக்குன்னு சொல்லுவேன்.

– ஓலைன்னா? நம்ம கல்யாணத்துக்கு எங்க இங்கிலீஷ் சர்ச்ல படிச்சாங்களே, பேன்ஸ், அதுவா?

– அதேதான். சுவிசேஷமுத்து, பாக்கியவதின்னு ரெண்டு பேர் பேரையும் மூணு ஞாயித்துக்கிழமை ஆராதனைல வாசிப்பாங்க. இவங்க சேரக்கூடாதுன்னு யாருக்காவது ஆட்சேபனை இருந்தா சொல்லுங்கன்னு பாஸ்டர் கேப்பார். மூணு தடவ கேட்டும் யாரும் வாயத் திறக்கலேன்னாத்தான் கல்யாணம். நான் திறப்பேன்.

– என்ன காரணம்ட்டி சொல்லுவ? அலமாரிக்கு மேட்ச் ஆகலன்னா?

– ஏதாவது சொல்லுவேன். ஒண்ணும் தோணலேன்னா அங்கயே நின்னு அழுவேன்.

– அது போதுமே. பாஸ்டரய்யா வரைக்கும் போக வேண்டாம். நீ எந்திரிச்சு அழுதிருந்தா நானே நிறுத்தியிருப்பேன்.

– அப்ப நான் அழத்தான் போறேன். டெக்ஸ்டர், இந்த ஞாயித்துக்கிழமை பழைய சாமான் வாங்க ஜூனா பஜார் கிடையாது. சர்ச்சுக்குப் போறோம்.

– கிடையாதா? அந்தக் கடைக்காரன் பழைய ஜன்னல இந்த வாரம் கண்டிப்பா எடுத்துட்டு வரேன்னு சொல்லியிருக்கானே! அதுக்குத்தான ஒரு மாசமா ஒரு ஞாயிறுகூட விடாம அலையறோம்?

– ஒரு மாசமாவா மாப்ள? ஒரு ஞாயிறுகூட விடாமலா?

– ஆமா மாமா. விடியக்காலமே போகணும். லேட்டாப் போனா நல்லதெல்லாம் வேற ஆள் எடுத்துட்டுப் போயிடுவாங்க.

– அப்படியா சங்கதி. நான் வேற மாதிரி நெனச்சிட்டேன். சம்மதம் இல்லாமத்தான் நீ வரலன்னு.

– எங்க வரல? என்னப்பா சொல்றீங்க? முத ஓலை என்னைக்கு?

– உன் மூஞ்சிக்கு நேராச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லட்டி. கோயில்ல வச்சுக் கேட்டா நீ எந்திரிச்சுக் கத்துவ, நாலு பேரு சமாதானம் பண்ணுவாங்க, அங்கயே பேசி முடிச்சிக்கிடலாம்னு இருந்தேன்.

– அப்பா, முத ஓலை என்னைக்குன்னு கேட்டேன்.

– மூணாவது ஓலையும் போன ஞாயிறு வாசிச்சாச்சு மக்கா. மூணு வாரமும் யாருக்காவது ஆட்சேபனை உண்டான்னு பாஸ்டரய்யா கேக்கும்போது, நீ வந்து நிக்கியான்னு வாசலத் திரும்பிப் பாத்தது நான் ஒருத்தந்தான்.